அந்த லென்ஸில் ஒரு குறையும் இல்லை

அய்யா வசந்த்,

பக்கத்து அறையில் நீ போனில் பேசுவது இங்கே அடுக்களை வரைக்கும் கேட்கிறது. சனிக்கிழமை தர்மதலா கேமராக் கடைக்குப் போய் உன் லென்ஸைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு அந்தப் பெரிய லென்ஸை வாங்கப்போவதாகச் சொன்னாய். மேலே போடுகிற பணம் எது என்றும் எனக்குத் தெரியும். ஜாதவ்பூரில் ஸ்டுடியோ வைக்கப் பார்த்திருக்கிற அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க நீ சேர்த்தது அது. லென்ஸ் வந்தால் அறை போய்விடும். இது தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்னை மாதிரி ஒரு கல்நெஞ்சக்காரி நம் டாலிகஞ்சில் என்ன, கல்கத்தாவிலேயே கிடையாது. பத்தடி தள்ளி இருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நேரில் சொல்ல இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் "தோசை ஊத்தட்டுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுதினால் நடுவில் எழுந்து ஓட முடியாது. எழுதி முடித்ததும் உன் மேஜையில் வைப்பேன். ஒரு பிரதி நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கும் போகும். நாலு பேர் காதில் விழும்படி நான் செய்த தப்பை நாலு பேர் பார்க்கும்படிதான் சரிசெய்ய வேண்டும்.

அந்த லென்ஸ் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். மலரைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களில் பாதிப் பேர், "வசந்த்கிட்ட இருக்கிறது ஏதோ மட்டமான லென்ஸாமே" என்று கேள்விப்பட்டவர்கள். அவர்களுக்காகவும் சொல்கிறேன். கேமராவோடு வந்த சின்ன லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு நீ ஊரெல்லாம் முகம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் அப்பாவை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு முன்னால் குனிந்து ஒரு படம் எடுத்தாய். அப்பாவின் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி முன்னால் வந்து, காதுகள் எங்கேயோ பின்னால் போய்விட்டன. அப்புறம் சிநேகிதனிடம் ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கிய ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு வராந்தாவின் மறு கோடிக்குப் போய் அதே அளவுக்கு முகம் நிறைய இன்னொரு படம் எடுத்தாய். மூக்கு மூக்காக இருந்தது. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, துறைமுக ஆபீஸில் முப்பது வருஷமும் தன்னை எல்லோரும் கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டார்கள், அதனால்தான் கடைசிவரை பிரமோஷன் வரவில்லை என்றார். நீதான் எனக்குப் பொறுமையாக விளக்கினாய். மூக்கைச் சரியாக்கியது லென்ஸ் இல்லை, தூரம். கிட்டே போனால் முன்னால் இருப்பது பெரிதாகும், தள்ளி நின்றால் முகம் இருக்கிறபடி இருக்கும், தள்ளி நின்றவனுக்கு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து தருவது மட்டும்தான் லென்ஸின் வேலை. பி.எஸ்ஸி. பிசிக்ஸில் மூன்று வருஷம் எனக்குப் புரியாத ஒன்றை நீ மூக்கை வைத்துப் புரியவைத்தாய்.

அந்த ஒரு மாதம் முடிந்ததும் நீ செய்த காரியத்தை நான் என் அக்காவிடம் போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது. எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, உனக்கே பிடித்த முகங்களை மட்டும் தனியாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தாய் என்று பார்த்தாய். படத்தோடு அந்த எண்ணும் ஒட்டிக்கொண்டு வருமாமே. நல்ல முகங்கள் முக்காலும் எண்பத்தைந்துக்கும் நூற்று முப்பத்தைந்துக்கும் நடுவில் இருந்தன. இருநூறைத் தாண்டி நீ போனதே அபூர்வம், போனதெல்லாம் காக்காயும் நிலாவும். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்குகிற உலகத்தில், தன் கை எங்கே போகிறது என்று தானே பார்த்துவிட்டு அதற்கு அளவாக வாங்குகிற பிள்ளை எத்தனை பேர்? நான் புடவைக் கடையில் கூட அப்படி இருந்ததில்லை.

கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது பேரம் பேசத்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வேலையே இல்லை. கடைக்காரர் முதலில் அந்தப் பெரிய லென்ஸை எடுத்து வைத்தார். குழவிக்கல் மாதிரி கனம். எந்த எண்ணிலும் வெளிச்சத்தை அள்ளும், இருட்டிலும் எடுக்கலாம், தொழில் செய்கிறவன் கையில் இதுதான் இருக்க வேண்டும் என்றார். நீ அதை மாட்டி என்னைப் பார்த்தாய். நான் என்னை அறியாமல் முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். உடனே இறக்கி வைத்துவிட்டு, "பாத்தியாம்மா, இதைத் தூக்கினா எதிர்ல இருக்கிறவங்க முகம் மாறிடுது" என்றாய். அவர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே அது தள்ளுபடி ஆகிவிட்டது. அடுத்து எல்லாவற்றையும் விட மலிவாக ஒன்றைக் காட்டினார். முந்நூறு வரைக்கும் போகும் என்றார். நீ கை நடுக்கத்தைத் தாங்குமா என்று கேட்டாய். தாங்காது என்றதும் அதையும் ஒதுக்கினாய். நீளமாக இழுக்க இழுக்க கையின் சின்ன ஆட்டமும் படத்தில் பெரிதாகத் தெரியும், லென்ஸுக்குள்ளேயே அதைச் சரிக்கட்டுகிற வசதி இல்லையென்றால் மலிவு மலிவே இல்லை என்று எனக்குத் தமிழில் சொன்னாய், அவருக்கு வங்காளத்தில் சொன்னாய்.

கடைசியில் ஐம்பத்தைந்திலிருந்து இருநூற்றைம்பது வரை போகிற இந்த ரக லென்ஸ். ஒருவர் வைத்திருந்து விற்றது. முதலில் தந்ததை நீ மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கத்திலிருந்து பார்த்தாய். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருந்தது. நம் கல்கத்தா ஈரத்துக்கு ஊறுகாயே தப்பாது, கண்ணாடி தப்புமா? வேறொன்று கேட்டாய். அதில் வளையத்தைத் திருப்பித் திருப்பி எங்கேயாவது பிடிக்கிறதா என்று பார்த்தாய். எதிர்ச் சந்து மருந்துக்கடைப் பலகையை ஒவ்வொரு எண்ணிலும் எடுத்து, ஓர எழுத்துகள் கலங்குகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்தாய். அப்புறம் வெளியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டு ஒரு முகம். முக்கால் மணி நேரம். கடைக்காரர் கடைசியில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, உங்கள் பையன் பொண்ணு பார்க்கும்போதும் இப்படித்தான் பார்ப்பானா என்று கேட்டார். நான் கொண்டுபோன பேரத்தையெல்லாம் அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்குப் பதிலாக என் முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். காற்றுப் புகாத மூடி. செருப்புப் பெட்டிகளில் வருகிற அந்த ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களைப் போட்டு அதில்தான் உன் லென்ஸ் இன்றைக்கும் தூங்குகிறது. ஒரு பொட்டுப் பூஞ்சை கிடையாது.

அதன் குறையையும் நீ மறைத்ததில்லை. வெளிச்சம் குறைந்தால் திணறும், பெரிய லென்ஸ் மாதிரி பின்னால் இருப்பதையெல்லாம் வெண்ணெயாக உருக்காது. அதற்கு நீ ஆளை ஜன்னலுக்குக் கூட்டி வந்தாய். சுவரோடு ஒட்டி நிற்கிறவரை நாலடி முன்னால் வரச் சொன்னாய். பின்னால் இருப்பது தூரமாகப் போனால் தானாகவே மங்கிவிடுகிறது. மார்க்கெட்டில் மீன் விற்கிற மாஷியிலிருந்து மேல் மாடி ரிட்டையர்டு கர்னல் வரைக்கும் நீ எடுத்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். நீ வீட்டில் இல்லாதபோது உன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "ம், பரவாயில்லை" என்பேன். அதற்குக் காரணம் ஒரு மடத்தனம். என் கண்ணே உனக்குப் பட்டுவிடும் என்று பயம். பெற்றவள் கண்தான் முதலில் படும் என்று எங்கள் திருநெல்வேலி வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். திருஷ்டி என்ற வார்த்தையைக் கேட்டாலே என் கை உப்பையும் மிளகாயையும் தேடும். அந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

கீழ்வீட்டு ரீனாதி மகள் ரிங்குவின் கல்யாணம். நீ காசு வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்ட முதல் கல்யாணம். ரீனாதி உன்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு படம் முக்கியம் என்றாள். மணப்பெண்ணை மணைப்பலகையில் உட்கார வைத்து அண்ணன்மார் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏழு தடவை சுற்றி வருவார்கள். பெண் முகத்தை இரண்டு வெற்றிலையால் மூடியிருப்பாள். சுற்றி முடித்ததும் வெற்றிலையை இறக்கி, இருவரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதற்கு சுபதிருஷ்டி என்று பெயர், அவர்கள் வாயில் ஷுபோத்ருஷ்டி. பெற்ற தாய் மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ரீனாதி மேலே ஒரு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். "நான் பார்க்க முடியாததை எனக்கு நீ காட்டு, பொஷந்த்தோ" என்று, உன் பெயரை அவர்கள் பாணியில் உருட்டி, அவள் உன்னிடம் சொன்னதாக நீதான் எனக்குச் சொன்னாய். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. காதில் பாதிதான் ஏறியது.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் ரீனாதியைப் பார்த்தேன். மஞ்சள் சடங்கு, மாப்பிள்ளை வருகை என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவள், "தார்போர் ஷுபோத்ருஷ்டி", அப்புறம் சுபதிருஷ்டி, என்றாள். திருஷ்டி என்றதும் என் காது நிமிர்ந்தது. ஊரே கூடிப் பார்க்கிற பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கண் படாதா பின்னே, இவர்களும் ஆரத்தி எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் வங்காளம் காய்கறி வாங்குகிற வங்காளம்தான். "ஆமி கோர்போ" என்றேன், நான் செய்கிறேன் என்று. அவளுக்கு ஆயிரம் வேலை, நான் ஏதோ ஒத்தாசை செய்கிறேன் என்கிறேன் என்று நினைத்து, "கோரோ, கோரோ", செய் செய், என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்மைக் கூப்பிட்டுப் பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்கிறாள் என்று அரக்குப் பட்டுப் புடவையைத் தேய்த்து வைத்தேன்.

நீ முதல் நாளே அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய் இடம் பார்த்து வந்தாய். எல்லோரும் மொபைலைத் தூக்கிக்கொண்டு மணமக்களை நெருக்குவார்கள், கிட்டத்தில் நின்றால் இடிபட்டே சாக வேண்டும், நான் தூரத்திலிருந்து எடுக்கிறேன் என்றாய். கூடத்தின் மறு கோடியில் தூண் ஓரமாகக் குட்டை ஸ்டூல் போட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி, வீடியோக்காரர்களின் விளக்கு எங்கே விழும் என்றுகூடக் கேட்டு வைத்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாய். அன்றைக்கு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அம்மா, எனக்கும் மணமேடைக்கும் நடுவுல இந்த வழி மட்டும் காலியா இருக்கணும். யாரையும் நிக்க விடாதே. நீ பாத்துக்கோ." நானும் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாமாக்களையும் ஒரு குழந்தையையும் விரட்டினேன்.

மாலை லக்னம். ஏழு சுற்று முடிந்தது. பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். நம் ஊரில் குலவை கேட்டால் காரியத்தைத் தொடங்கு என்று அர்த்தம். தூணுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், நடுவில் கற்பூரம். ஏற்றினேன். நீ காலியாக வைக்கச் சொன்ன அதே வழியில், கல்யாணத்துக்கே நான்தான் தலைவி என்கிற மாதிரி, நடந்தேன். வெற்றிலை இறங்கியது. நான் நடந்துகொண்டே இருந்தேன். அவர்கள் பக்கத்தில் போய்த் தட்டைத் தூக்கியபோது மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி மெதுவாக என் முழங்கையைப் பிடித்து, "மாஷிமா, எகோன் நா" என்றாள். சித்தி, இப்போது இல்லை என்று. திரும்பினேன். கூடத்தின் கோடியில் நீ கேமராவை இறக்கி மடியில் வைத்திருந்தாய். என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. எல்லாம் முடிந்துபோன முகம் அது.

ஆட்டோவில் திரும்பும்போது நான் அழுதேன். நீ அர்த்தத்தை விளக்கினாய். அவர்களுக்கு திருஷ்டி என்றால் வெறும் பார்வை, சுபதிருஷ்டி என்றால் நல்ல பார்வை, அவ்வளவுதான் என்றாய். அப்புறம் உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பார்வைக்குத் திருஷ்டி கழிக்கப் போன முதல் ஆள் நீதான் அம்மா என்றாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் அதற்குப் பின்னால் வந்த தப்பை நான் செய்திருக்க மாட்டேனோ என்னவோ.

அந்தத் தப்பு உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். பத்து நாள் கழித்து ரீனாதி படம் பார்க்க மேலே வந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்தப் படம் எங்கே என்று கேட்டாள். நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நீ ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "என் தப்பு, காக்கிமா. நான் நின்ன இடம் சரியில்லை" என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. மணமக்கள் மாலை மாற்றிக்கொண்ட படத்தைப் பெரிதாக்கிக் காட்ட நீ உள்ளே பென்டிரைவ் எடுக்கப் போனாய். அந்த ஒரு நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்தது. ஆனால் பழி உன் மேல் நிற்பதும் பொறுக்கவில்லை. "லென்ஸ்டா ஷொஸ்தா" என்றேன். மலிவான லென்ஸ், அதனால்தான் விழவில்லை, பாவம் அவன் என்ன செய்வான் என்று. லென்ஸுக்கு வலிக்காது, யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? சங்கத்தில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியாது. சால்ட் லேக்கில் இருக்கிற நம் சங்கத்து மாமி, தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு உன்னைப் பேசி வைத்திருந்தவள், "நல்ல லென்ஸ் வச்சிருக்கிறவரா பாத்துக்கிறோம், தப்பா நினைக்காதே" என்று மெசேஜ் அனுப்பினாள். இன்னொரு இடமும் நழுவியது. உன் போனில் நானாகப் படித்தேனே தவிர நீ என்னிடம் அதைக் காட்டவில்லை. ஆனால் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கியவன், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான். பழியை லென்ஸ் மேல் போட்டதாக நினைத்தேன் அய்யா. அது உன் மேல்தான் விழுந்தது.

போன வாரம் உன் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் தேடினேன். நீ அழித்திருப்பாய் என்று நினைத்தேன், அழிக்கவில்லை. வரிசையாக ஏழு படம். ஏழிலும் நான். மணமக்கள் பின்னால் மஞ்சள் புகை மாதிரி கலங்கித் தெரிகிறார்கள். முன்னால் என் கொண்டை. அதில் வைத்த கனகாம்பரத்தில் ஒவ்வொரு இதழும் தெரிகிறது. இரண்டு கொண்டை ஊசி, அதில் ஒன்று துருப்பிடித்தது, அந்தத் துரு தெரிகிறது. நான் சாயம் பூச விட்டுப்போன நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேமரா தனக்குக் கிட்டத்தில் எது வந்ததோ அதைப் பிடித்துக்கொண்டது, பிடித்ததைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. மட்ட லென்ஸ் இப்படியா எடுக்கும்? இரண்டாவது படத்தை இந்தக் கடிதத்தோடு மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். என் கொண்டை அச்சில் வருவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதனால் சனிக்கிழமை தர்மதலாவுக்குப் போகாதே. ஜாதவ்பூருக்குப் போய் அட்வான்ஸைக் கொடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாக, கோடியில் ஒரே ஒரு பெரிய ஜன்னலோடு இருக்கிற அறை யாருக்கு வேண்டும் என்று நான்தான் முகம் சுளித்தேன். தள்ளி நின்று முகம் எடுக்கிறவனுக்கு நீளம்தான் வேண்டும், ஜன்னல்தான் வேண்டும் என்று இப்போது புரிகிறது. இந்த லென்ஸுக்கென்றே கட்டிய அறை அது. என்றைக்காவது இருட்டில் எடுக்கிற வேலை நிறைய வந்து, உன் கையே அந்தப் பெரிய லென்ஸைக் கேட்டால் வாங்கு. மாமிகள் கேட்டார்கள் என்று வாங்காதே. சால்ட் லேக் மாமிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டதே என்றாள். அந்த வேலை திரும்ப வராது. அதற்கு என்னை மன்னித்துவிடு.

நேற்று மத்தியானம் ரீனாதியிடம் போனேன். ஆரத்தி, தட்டு, குலவை, பிறகு லென்ஸ் என்று நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் என் காய்கறி வங்காளத்தில் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்தில் யாரோ குறுக்கே போனதாகக் காதில் விழுந்ததாம், அது நான் என்று தெரியாதாம். எழுந்து போய்விடலாமா என்று நான் யோசித்தபோது, "நீ எவ்வளவு கிட்டத்தில் இருந்தாய்?" என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன், இவ்வளவு என்று. "அப்படியானால் எல்லோரையும் விட நீதான் நன்றாகப் பார்த்திருக்கிறாய். சொல்" என்றாள்.

சொன்னேன். வார்த்தை வராத இடத்தில் நடித்துக் காட்டினேன். வலது கை வெற்றிலையின் காம்பு ரிங்குவின் மூக்கு வளையத்தில் மாட்டிக்கொண்டது. அவள் அதை விடுவிக்கத் தலையைச் சாய்த்தாள். மாப்பிள்ளை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான், ஆனால் கண் சிரித்துவிட்டது. அவள் நிமிர்ந்தபோது முதலில் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான். கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது, அப்புறம் அவளுக்கும் அடக்க முடியவில்லை. ரீனாதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை சொல் என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவளே மாப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக் காட்டினாள். நான் ஒரு மத்தியானம் முழுக்க அரைகுறையாகச் சொன்னதை நீ ஒரு நொடியில் அவள் கையில் கொடுத்திருப்பாய். உன் வேலை என்ன என்று எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் சரியாகத் தெரிந்தது. உன் படங்கள் பரவாயில்லை இல்லை அய்யா. அவை மிக நன்றாக இருக்கின்றன. உன் அப்பாவை நான் கல்யாணம் செய்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, அந்த வராந்தாப் படத்தில்தான் அவர் இவ்வளவு அழகு என்று பார்த்தேன். கண் பட்டால் படட்டும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ரீனாதி கேட்டாள். "குறுக்கே வந்தது நீதான்னு பொஷந்த்தோவுக்கு அன்னைக்கே தெரியுமா?"

தெரியும், அவன்தானே எதிரில் உட்கார்ந்திருந்தான் என்றேன்.

"என்கிட்ட தன்னோட தப்புன்னுதானே சொன்னான்?"

ஆமாம் என்றேன்.

கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "தோமார் சேலே" என்றாள். உன் பிள்ளை என்று.

"ஆமா, எம் புள்ள" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

அம்மா